பரணில் தூங்கும் பாட்டுப்பெட்டி... எடைக்கு போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்!

விழுப்புரம்:

பெஞ்சல் புயலை நம்ம மாவட்டத்து ஜனங்க அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டாங்க. 2024 நவம்பர் 30ந்தேதி ராத்திரி கரையை தொட்ட புயல், விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை கொட்டியது.

விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரெயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால், டிசம்பர் 2ந்தேதி ரெயில்களையே நிறுத்தினார்கள். சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் போகிற பாதை அது என்பது குறிப்பிடத்தக்கது.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவுக்கு வந்தது என்ன? நனைந்த பாய், ஊறிப்போன அரிசி மூட்டை, டி.வி., மிக்சி. அதோடு, பரணில் இருந்தும் பீரோ மேல் இருந்தும் இறக்கிய பழைய ரேடியோ, டேப், ஸ்பீக்கர் பெட்டிகள். எல்லாம் பழைய இரும்பு வாங்கும் வண்டியில் ஏறிப் போனது.

அந்த வண்டியில் போனதில் எத்தனை பெட்டி உண்மையிலேயே செத்துப் போனது? எத்தனை பெட்டிக்கு உயிர் இருந்தது? இந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால், நாம் கிலோ கணக்கில் தூக்கிப் போடும் அதே பெட்டியை, ஊர் ஊராக தேடி அலைகிற ஒரு கூட்டம் இப்போது பெருகிக்கொண்டே போகிறது.

யார் இவர்கள்?

பெரிய பணக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர், பள்ளிக்கூட வாத்தியார், மைக் செட் வைத்திருந்தவர், ஆட்டோ ஓட்டுபவர், ஐ.டி. வேலையில் இருக்கும் பையன் என்று எல்லா ரகமும் உண்டு.

பழைய வால்வு ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், மரப்பெட்டி ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் கிடைத்தால் போதும். வாங்கி, பிரித்து, துடைத்து, ஈயம் வைத்து, பாலிஷ் போட்டு பாட வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு பேர் கூடி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய திருவிழா.

இவர்கள் சரக்கு தேடும் இடம் நமக்கு தூரம் கிடையாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினால் காலை டிபனுக்கு போய்விடலாம். முன்பு சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், பழைய ரெக்கார்டு எல்லாம் அங்கேதான். 1985ல் தீப்பிடித்து எரிந்ததோடு அது போனது. அதற்கப்புறம் பர்மா பஜார், ரிச்சி தெரு என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள்.

ரூ.180க்கு போன பெட்டி!

ஊர் கதை எதற்கு, எங்க வீட்டு கதையே சொல்கிறேன்.

எங்க அப்பா ஆலையில் சீசன் வேலை பார்த்தவர். ஒரு வருஷம் போனஸ் பணத்தில் செகண்ட் ஹேண்டாக ஒரு ரெக்கார்டு பிளேயரும், ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். தெருவே வந்து பார்த்ததாம். அப்புறம் டேப் வந்தது, டி.வி. வந்தது, பெட்டி பரணுக்கு போனது.

சில வருஷம் முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது நான்தான் அதை இறக்கினேன். ஸ்பீக்கரை தொட்டேன். ஓரத்தில் இருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'செத்துப்போச்சு' என்று முடிவு கட்டி எடைக்கு போட்டேன். கைக்கு வந்தது ரூ.180.

அடுத்த மாசமே சண்டே மார்க்கெட்டில் அதே மாதிரி ஒரு ஜோடியை பார்த்தேன். விலை கேட்டால் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். அதிலும் ஃபோம் உதிர்ந்துதான் கிடந்தது!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, அந்த பெட்டிக்கு எத்தனை மாசம் தவணை கட்டினார் என்பதை மட்டும் சொன்னார். எனக்கு சோறு இறங்கவில்லை.

உண்மையில் எது கெட்டுப் போகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் என்னை மாதிரி ஏமாற மாட்டீர்கள்.

ஸ்பீக்கர் என்பது ரொம்ப எளிமையான சாமான். பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவில் மெல்லிசான செம்புக் கம்பி சுற்றிய காயில். அந்த காயிலோடு ஒட்டிய பேப்பர் கோன். காயிலில் கரண்ட் மாறி மாறி ஓடும்போது கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடும் கோன் காற்றை தள்ளுகிறது. அதுதான் நாம் கேட்கும் பாட்டு.

அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற ரெண்டு என்ஜினீயர்கள் இந்த முறையை உலகத்துக்கு விளக்கிக் காட்டியது 1925ல். நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு செல்போனுக்கு வாங்கும் புளூடூத் ஸ்பீக்கருக்குள்ளேயும் பெரும்பாலும் அதே காந்தம், அதே காயில், அதே கோன்தான்.

அப்படியானால் பழசு ஏன் பாடாமல் போகிறது? காந்தம் லேசில் கெடாது. காயில் எரிந்தால்தான் போகும். பேப்பர் கோன் கிழியாமல் இருந்தால் பல காலம் தாங்கும். முதலில் போவது கோனை சுற்றி இருக்கும் ஃபோம் வளையம்தான்.

1970களுக்கு பிறகு வந்த பல ஸ்பீக்கர்களில் இந்த ஃபோம் உண்டு. நம்ம ஊர் ஈரக்காற்றில் 15, 20 வருஷத்தில் அது தானாகவே உதிர்ந்துவிடும். பாடினாலும் உதிரும், பாடாமல் பரணில் கிடந்தாலும் உதிரும். இது சாவு இல்லை. சைக்கிள் டயர் தேய்ந்த மாதிரிதான். டயர் தேய்ந்தால் சைக்கிளையே தூக்கிப் போடுவோமா?

புது வளையம் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது. பழைய ஃபோமை சுரண்டி எடுத்து, பசை போட்டு, கோனை நட்ட நடுவில் நிறுத்தி ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் ஒரு நாள் வேலை.

அடுத்து கெடுவது கண்டன்சர். அதற்குள் இருக்கும் ஈரம் வருஷக்கணக்கில் காய்ந்துவிடும். அப்போது 'உம்ம்' என்று இரைச்சல் வரும், இல்லையென்றால் சத்தமே குறையும். இதுவும் மாற்றக்கூடிய சின்ன சாமான்தான்.

ஒரே ஒரு பேட்டரி போதும்

வீட்டில் பழைய ஸ்பீக்கர் இருக்கிறதா? எடைக்கு போடும் முன் இதை மட்டும் செய்து பாருங்கள்.

ஆம்ப்ளிபயரில் இருந்து ஸ்பீக்கர் ஒயரை கழற்றி விடுங்கள். சுவர் கடிகாரத்துக்கு போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒயரின் ரெண்டு முனையையும் பேட்டரியில் லேசாக தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வந்து கோன் அசைந்தால், காயிலுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கையில் மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 6 ஓம் காட்டும். பயப்பட வேண்டாம், அது சரியான அளவுதான்.

அப்புறம் கோனை ரெண்டு பக்கமும் சமமாக விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். 'கரகர' என்று உரசினால் காயிலில் கோளாறு. உரசாமல் போய் வந்தால் பாதி கிணறு தாண்டியாச்சு.

வெள்ளத்தில் நனைந்த செட்டாக இருந்தால் அவசரப்பட்டு பிளக்கில் சொருகாதீர்கள். பின் மூடியை கழற்றி, நிழலில், காற்றோட்டமாக பல நாள் காய விடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பேப்பர் கோன் வளைந்துவிடும், மரப்பெட்டி பிளந்துவிடும். வெள்ளத்தில் செத்ததைவிட, நனைந்ததும் சுவிட்சை போட்டு புகைந்து போனதுதான் அதிகம் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாக சொல்லும் புகார்.

விளையாடக்கூடாத இடம்

ஸ்பீக்கர் பெட்டி வேறு, வால்வு ரேடியோ வேறு. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு செட்டுக்குள் 250, 300 வோல்ட் வரைக்கும் ஓடும். பிளக்கை பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் கரண்ட் தங்கி நிற்கும். 'ஏசி/டிசி செட்' என்று அந்தக்காலத்தில் வந்த சில ரேடியோக்களில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டே நேரடியாக மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். தொட்டால் ஆளையே தூக்கி அடிக்கும்.

பல வருஷம் ஓடாத செட்டை அனுபவப்பட்ட மெக்கானிக் நேராக பிளக்கில் போடவே மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பை சீரிஸில் மாட்டித்தான் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட்டு தப்பிக்கும். யூடியூப் வீடியோவை பார்த்துவிட்டு சின்ன பசங்க வால்வு செட்டில் கை வைப்பது ஆபத்து. பெத்தவங்க கொஞ்சம் கவனிங்க.

லாபம் யாருக்கு?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம்.

பழைய இரும்பு கடைக்கு போகும் பெட்டி என்ன ஆகிறது? டிரான்ஸ்பார்மரை உடைத்தால் செம்பு. ஸ்பீக்கரை உடைத்தால் காந்தம், இரும்பு. மரம் அடுப்புக்கு. விஷயம் தெரிந்த கடைக்காரர் என்றால் உடைக்க மாட்டார், தனியாக எடுத்து வைப்பார். அதை ஒரு தரகர் வாங்குவார். அவரிடம் இருந்து நகரத்து கடைக்காரர் வாங்குவார். துடைத்து, 'விண்டேஜ்' என்று ஒரு பேர் வைத்தால் விலை எங்கேயோ போய்விடும்.

இந்த சங்கிலியில் ரொம்ப கம்மியாக கிடைப்பது யாருக்கு? தவணை கட்டி வாங்கிய வீட்டுக்காரருக்குத்தான். அதற்கடுத்து ஏமாறுவது, ஆசைப்பட்டு வாங்கும் பையன். ஏனென்றால் போலியும் பெருகிவிட்டது. பளபள பித்தளை குழாயும் நாய் படமும் ஒட்டி, புதுசாக செய்த கிராமபோனை 'தாத்தா காலத்து சாமான்' என்று தலையில் கட்டுகிறார்கள். பழசு என்றால் தேய்மானம் இருக்க வேண்டும். எல்லாமே பளபளவென்று இருந்தால் உஷார்!

ஆசைப்படுபவர்கள் கூடுவதற்கு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2022ம் வருஷம் சுமார் 4 கோடியே 10 லட்சம் ரெக்கார்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் சி.டி.யை ரெக்கார்டு முந்தியது 1987க்கு பிறகு அதுதான் முதல் தடவை. செத்துப்போனதாக எழுதி வைத்த சாமான், தன்னை சாகடித்ததையே முந்தியிருக்கிறது. இந்தியாவிலும் 2024ல் மும்பை பக்கம் ரெக்கார்டு அச்சிடும் வேலை மறுபடி ஆரம்பமானது.

கேட்ட காது சும்மா இருக்குமா?

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ரேடியோ என்பது வெறும் சாமான் இல்லை. சென்னை வானொலி நிலையம் 1938லும், திருச்சி நிலையம் 1939லும் வந்தன. ஆனாலும் சினிமா பாட்டுக்கு ஜனங்க தேடிப் பிடித்தது இலங்கை வானொலியைத்தான். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பேரை சினிமா ஸ்டார் பேர் மாதிரி சொன்ன காலம் அது. ரேடியோ வைத்திருக்க அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். இந்த தலைமுறையிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1976ல் 'அன்னக்கிளி' வந்தது, இளையராஜா வந்தார். 1978ல் 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தன. ஒரு ஸ்பீக்கரில் ஒரு வாத்தியம், இன்னொரு ஸ்பீக்கரில் இன்னொரு வாத்தியம் என்று பிரித்துக் கேட்ட சந்தோஷம் தனி. அதற்காகவே ரெண்டு பெட்டி வாங்கினார்கள். சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் 'டூ இன் ஒன்' தூக்கி வந்தார்கள். டீக்கடைக்கு கூட்டம் சேர்த்ததே நல்ல ஸ்பீக்கர்தான்.

இன்றைக்கு செல்போனில் பாட்டு இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு இயர்போன். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு பாட்டு. பழைய பெட்டியை பாட வைப்பவர்கள் தேடுவது சத்தத்தை மட்டும் அல்ல, சேர்ந்து கேட்பதையும்தான் என்று தோன்றுகிறது.

மெக்கானிக் எங்கே போனார்?

எல்லாம் சரி. பெட்டி இருக்கிறது, ஆசை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. ரிப்பேர் பண்ண கை இருக்கிறதா? அங்கேதான் இடிக்கிறது.

ஒரு காலத்தில் விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி எங்கே போனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை இருக்கும். ஒரு மேஜை, ஒரு சோல்டரிங் அயன், சுவர் முழுக்க பிரித்துப் போட்ட செட்டுகள். அந்த கடைகளில் பல, டி.வி. ரிப்பேர் கடையானது. அப்புறம் செல்போன் ரீசார்ஜ் கடையானது. கடைசியில் ஷட்டர் இறங்கியது.

2006ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்ததில் ரேடியோ ரிப்பேருக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச கிராக்கியும் போனது. மலிவு விலை சீன செட்டுகள் மீதியை முடித்தன. ரிப்பேர் கூலியைவிட புது செட்டு விலை குறைவு என்றால் யார் ரிப்பேருக்கு வருவார்?

இப்போது வால்வு செட்டை நம்பி கொடுக்கும் அளவுக்கு எனக்கு தெரிந்த மெக்கானிக்குகள் எல்லாருமே 60 வயசை தாண்டியவர்கள். ஒருத்தருக்கும் கை கீழே வேலை கற்கும் பையன் கிடையாது. கண் மங்குகிறது, கை நடுங்குகிறது. சரக்குக்கு விலை ஏறும் நேரத்தில் தொழில் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். இதுதான் வேதனை.

ஒரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். உலகம் முழுக்க பேர் வாங்கிய போஸ் ஸ்பீக்கர் கம்பெனியை 1964ல் ஆரம்பித்தவர் அமர் போஸ். அப்பா வங்காளத்தில் இருந்து அமெரிக்கா போனவர். ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் குடும்பம் கஷ்டப்பட்டபோது, பள்ளிக்கூட பையனான அமர் போஸ் ரேடியோ ரிப்பேர் செய்து வீட்டுக்கு சம்பாதித்துக் கொடுத்தார். ரிப்பேர் வேலையில் பழகிய கைதான் பிறகு புதுசு செய்தது. நம்ம ஊர் ரிப்பேர் மேஜையை நாம் அலட்சியமாக பார்த்துவிட்டோமோ?

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2022ல் 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24ந்தேதி அதற்கான இணையதளமும் திறந்தார்கள். பொருளை வாங்கியவருக்கு அதை ரிப்பேர் செய்ய தகவலும் உதிரி பாகமும் கிடைக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

மின்னணு கழிவு பற்றிய புது விதிகள் 2023 ஏப்ரல் 1ந்தேதி முதல் நடைமுறையில் இருக்கின்றன. கண்ட இடத்தில் உடைத்து, ஒயரை எரித்து செம்பு எடுக்கக்கூடாது. ஆனால் ஊர்ப்புறத்தில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒயர் எரியும் புகையை சுவாசிப்பவர்களும் நம்ம கூலித் தொழிலாளிகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. புது கம்பெனிகள் தர மறுக்கும் சர்க்யூட் படத்தை, அந்தக்காலத்து பல ரேடியோக்களில் பின் மூடிக்கு உள்ளேயே ஒட்டிக் கொடுத்தார்கள்! சட்டம் இப்போது கேட்பதை பழைய பெட்டி அப்போதே செய்துவிட்டது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம்ம மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் வாரத்துக்கு ஒரு நாள் பழைய மெக்கானிக் ஒருவரை கூப்பிட்டு உட்கார வைத்தாலே போதும். சம்பளம் கொடுத்து கூப்பிட வேண்டும், சால்வை போட்டு அனுப்பக்கூடாது. கண்டன்சர் மாற்றவும், கோன் ஒட்டவும், காயில் சுற்றவும் ஒரு பையன் கற்றுக்கொண்டால் பழைய பெட்டி மட்டும் அல்ல, மிக்சி, இண்டக்ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றுக்கும் அந்த கை உதவும்.

மழைக்காலம் வரும்போது ஊராட்சிகள் வீட்டு சாமானை காப்பாற்றுவது பற்றி தண்டோரா போட்டாலும் நல்லது. வெள்ளத்தில் ஏழை வீட்டில் போகும் ஒவ்வொரு சாமானும் ஒரு தவணை. பெஞ்சலுக்கு அரசு கொடுத்த ரூ.2 ஆயிரத்தில் அரிசி பருப்பு வாங்கலாம், போன சாமான் எல்லாவற்றையும் மறுபடி வாங்க முடியுமா?

பெட்டியை சரி பண்ணி விட்டீர்கள் என்றால் இன்னொன்று. ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தத்தை குறைத்து வையுங்கள். குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல் என்பது விதி. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ பிள்ளை படிக்கும். நல்ல ஸ்பீக்கருக்கு அழகே, மெதுவாக வைத்தாலும் தெளிவாக பாடுவதுதான்.

எங்க வீட்டு பரணில் இப்போது ஒன்றும் இல்லை. ரெக்கார்டுகள் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அப்பா எடைக்கு போட விடவில்லை. ஒரு ஜோடி ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ரூ.180 வாங்கிய கை, இன்றைக்கு ஆயிரங்களை எண்ண வேண்டியிருக்கிறது.

உங்க வீட்டு பரணில் இன்னும் பெட்டி இருக்கலாம். வாசலில் பழைய இரும்பு வண்டி மணி அடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு பேட்டரி எடுத்து தொட்டுப் பாருங்கள். 'டப்' என்றால், அது பழைய இரும்பு இல்லை!

- நமது நிருபர்